பிள்ளையை முதன்முதலில் எங்கே பார்ப்பார்கள்?

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா டப்ளினில் நர்ஸ். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவெடுத்திருக்கிறார்கள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போனபோது, பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒரு வீடியோ பாத்தேன். ஏர்போர்ட்ல வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு பலூன் வெச்சிக்கினு நிக்கிறாங்க. யாரோ ஒரு அம்மா நம்ம ஊரு கொழந்தையைத் தூக்கினு வந்து அவங்க கையில குடுக்குது. எல்லாரும் அழுவுறாங்க. எங்க அக்காவும் அந்த மாதிரிதான் ஏர்போர்ட்டுக்குப் போயி வாங்கிப்பாளா?"

மாட்டாள். இப்போதைய விதிப்படி அவள் இங்கே வரவேண்டும். குழந்தை வளரும் இல்லத்துக்கே வந்து தன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வீடியோவில் இருப்பதும் பொய் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. அது ஏன் நின்றது என்பதில் இந்த வடசென்னைக்கும் பங்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்வீடன், நெதர்லாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளுக்கு நம் குழந்தைகள் போனார்கள். தத்தெடுப்பவர்கள் இந்தியாவுக்கு வருவது கட்டாயமாக இருக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர் யாராவது, துணைக்கு என்று ஒத்துக்கொண்டு, குழந்தைகளை விமானத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆம்ஸ்டர்டாமிலோ ஸ்டாக்ஹோமிலோ ஒரு தம்பதி, தபாலில் வந்த ஒரேயொரு போட்டோவைப் பல மாதம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கண்ணீர் நிஜமானது. அந்தக் குழந்தைகளில் நிறையப் பேர் நன்றாக வளர்ந்தார்கள்.

சட்டத்தில்தான் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதி ஒன்று இங்கே குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டமே இல்லை. அதனால் வெள்ளைக்காரன் காலத்து 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவர்களைக் குழந்தையின் கார்டியனாக மட்டும் நியமிக்கும். அந்த உத்தரவோடு குழந்தை விமானம் ஏறும். தத்தெடுப்பு என்பது அந்த நாட்டுக்குப் போன பிறகு, அந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும். ஏர்போர்ட்டில் அந்த அம்மா முதன்முதலில் அணைத்துக்கொண்டபோது, சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை அவளுடைய பிள்ளையே இல்லை. இந்த ஊரும் அதை விட்டுவிட்டது, அந்த ஊரும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிஞ்சுக் குழந்தைகளை உயிருக்கு ஆபத்தான நீண்ட பயணத்தில் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள், போன பிறகு அவர்கள் கதி என்ன என்று கேட்க நாதியில்லை என்பது அவருடைய புகார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு வந்தது. தத்தெடுப்பு பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். குழந்தைக்கு முதல் உரிமை பெற்றவர்களிடம். அது முடியாவிட்டால் இந்தியாவுக்குள்ளேயே ஒரு குடும்பம். அதுவும் கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு. இந்த வரிசையை அந்தத் தீர்ப்புதான் உறுதியாக்கியது. அனுப்பும் இல்லங்களுக்கு அங்கீகாரம் வேண்டும், கோப்பை வெளியார் ஒருவர் ஆய்வு செய்து நீதிமன்றத்துக்குச் சொல்லவேண்டும் என்றும் விதித்தது. அதன் வழியே 1990இல் 'காரா' என்கிற மத்தியத் தத்தெடுப்பு அமைப்பு உருவானது.

"அப்ப எல்லாம் சரியாயிடுச்சுல்ல?" என்றாள்.

இல்லை. அடுத்த பதினைந்து வருடத்துக்குள், இவள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், என்ன நடந்தது என்று சொன்னேன்.

1998இல் வண்ணாரப்பேட்டையில் வீட்டு வாசலில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை காணாமல் போனது. 1999இல் புளியந்தோப்பில், தெரு அடிபம்புக்குப் பக்கத்தில் விளையாடிய ஆண் குழந்தை காணாமல் போனது. அதே வருடம் அதே புளியந்தோப்பில் இன்னொரு ஆண் குழந்தை. வீட்டு வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவதும், 'பாத்துக்கோ' என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவதும் வடசென்னையில் எல்லோரும் செய்கிற காரியம். தெருவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இங்கே குடும்பங்கள் ஓடுகின்றன. அந்த நம்பிக்கையில்தான் கைவைத்தார்கள். பெற்றவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறி சொல்கிறவர்களிடமும் அலைந்தார்கள். கையிலிருந்த சொத்தை விற்றுத் தேடியவர்களும் உண்டு.

2005இல்தான் சென்னை போலீசாரிடம் நூல் சிக்கியது. பிள்ளைகளைக் கடத்தி, 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்ற பெயரில் இயங்கிய ஒரு இல்லத்துக்கு விற்றார்கள் என்பது வழக்கு. பெற்ற தாய் என்று யாரோ ஒருத்தியைக் காட்டி, அவள் கைநாட்டோடு ஒப்படைப்புப் பத்திரம் தயார் செய்து, பிள்ளைக்குப் புதுப் பெயர் வைத்து, முழுக் கோப்பையும் உருவாக்கினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. 1991 முதல் 2003 வரை அந்த இல்லம் குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியது என்று போலீஸ் ஆவணங்களைப் பார்த்து எழுதினார் ஸ்காட் கார்னி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 2009இல் 'மதர் ஜோன்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. 165 பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யார் கடத்தப்பட்டவர், யார் உண்மையிலேயே ஒப்படைக்கப்பட்டவர் என்று கோப்பைப் பார்த்துச் சொல்லமுடியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. விசாரணை பிறகு சி.பி.ஐ. கைக்குப் போனது.

வண்ணாரப்பேட்டைக் குழந்தை ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்குப் போயிருந்ததாகத் தெரிந்தது. புளியந்தோப்புப் பிள்ளைகளில் ஒருவன் நெதர்லாந்துக்கும் இன்னொருவன் அமெரிக்காவுக்கும் போயிருந்ததாகச் சொன்னார்கள். நெதர்லாந்துக்குப் போனவனின் பெற்றோர் டி.என்.ஏ. சோதனை கேட்டு நெதர்லாந்து நீதிமன்றத்தின் படியேறினார்கள். தன் மகன்தான் என்று நம்பும் பையன் வேறொரு பாஷை பேசி, வேறொரு அம்மாவை அம்மா என்று கூப்பிடும் ஊரில், மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு தாய் பேசவேண்டி வந்தது. வளர்த்தவர்களும் நல்ல எண்ணத்தில்தான் தத்தெடுத்திருந்தார்கள். நீதிமன்றம் கொடுத்த காகிதத்தை நம்பியிருந்தார்கள். அந்தப் பையனோ இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றான்.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். அவளுடைய புருஷன் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அதனாலோ என்னவோ சட்டென்று சொன்னாள்: "சீலு உடையாம இருந்தா பெட்டிக்குள்ள இருக்கிறது பேப்பர்ல எழுதினதுதான்னு நம்பிட வேண்டியதுதான். அந்த மாதிரியாக்கா?" அந்த மாதிரிதான். எல்லா முத்திரையும் சரியாக இருந்தது. முத்திரைக்கு முன்னால் உள்ளே போனது யாருடைய பிள்ளை என்று யாரும் தெருவில் இறங்கிக் கேட்கவில்லை.

நம் ஊரில் மட்டும் இது நடந்ததென்று நினைக்கவேண்டாம். எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெறாத பெண்களைத் தாய் என்று நிறுத்திக் கொடுத்ததை 2017இல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி வெளிக்கொண்டு வந்தது. இலங்கை அமைச்சரே ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அதன்பின் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அந்த நாடு நிறுத்தி வைத்தது. 2024இல் படிப்படியாக அடியோடு முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தது. பலூனோடு காத்திருந்த அதே நாடுதான்.

இனி அவள் அக்கா கதைக்கு வருகிறேன்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா 2003இல் அதை ஏற்றது. அயர்லாந்தும் பிறகு ஏற்றது. அதன்படி இரண்டு நாட்டு அரசு அமைப்பும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரு குழந்தையும் நகரக்கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், வெளிநாட்டுத் தம்பதிக்கும் இந்தியாவிலேயே முழுத் தத்தெடுப்பு உத்தரவு கிடைக்க வழி செய்தது. எந்த மதம் என்ற கேள்வியே அதில் இல்லை. 2021இல் திருத்தியபின் அந்த உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார்.

அக்காவும் அத்தானும் முதலில் அங்கேதான் தொடங்கவேண்டும். அந்த நாட்டில் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வருமானம், உடம்பு, மனசு, பழைய வாழ்க்கை, சண்டை சச்சரவு வரை கேட்டு ஒரு அறிக்கை எழுதுவார். அதைத்தான் ஹோம் ஸ்டடி என்கிறார்கள். பலருக்கு இது அவமானமாகத் தோன்றுகிறது. 'பெத்தவங்களை யாராவது இப்படிக் கேக்கறாங்களா' என்று கோபப்படுவார்கள். கேட்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். புளியந்தோப்பில் யாரும் கேட்காமல் விட்டதை அங்கே ஒருத்தர் கேட்கிறார். அந்த அறிக்கை காராவின் இணையதளத்தில் ஏறும். "அவங்க பாஸ்போர்ட் இன்னும் நம்ம நாட்டுதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நல்லது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு இங்கே வாழ்கிறவர்களோடு சமமான வரிசை உண்டு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரிசை பின்னால் போகும்.

அதே நேரத்தில் இந்தப் பக்கம் இன்னொரு வேலை நடந்திருக்கவேண்டும். அதுதான் முக்கியம். குப்பைத்தொட்டியிலோ கோயில் வாசலிலோ கிடைத்த குழந்தையாக இருந்தால், மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன்னால் வைத்து, பெற்றவர்களைத் தேடவேண்டும். பத்திரிகையில் போட்டோவோடு அறிவிப்பு வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் யாரும் வரவில்லை என்றால்தான், தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். தாயே வந்து ஒப்படைத்திருந்தால், மனசு மாறி வந்து தூக்கிக்கொண்டு போக அவளுக்கு இரண்டு மாத அவகாசம். அந்த இரண்டு மாதம் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி. பெற்ற உடம்பின் பலவீனத்திலும், யாரோ போட்ட சத்தத்திலும் எடுத்த முடிவை ஒரு பெண் திருப்பி எடுக்க இடம் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது அவள் குறுக்கிட்டாள். "இவ்ளோ எதுக்குக்கா? ஆஸ்பத்திரியிலேயே யாராவது வேணாம்னு சொல்ற புள்ளைய பேசி வாங்கிக்கலாம்னு எங்க மாமியார் சொல்லுது."

இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசினேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் வடசென்னையில் எத்தனையோ பேர். அங்கே கர்ப்பமாய் வந்து, பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கிற பெண்களும் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இலேயே இந்த மாநிலத்தில் வந்துவிட்டது. 1098க்குப் போன் போட்டால் போதும். நடுவில் ஒரு புரோக்கர் நுழைந்து பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. ஐந்து வருடம் வரை கடுங்காவல். அதைச் செய்தவர் ஆஸ்பத்திரி ஊழியராக இருந்தால் ஏழு வருடம் வரை. பணமே வாங்காமல் நட்பாகக் கைமாற்றினாலும், சட்ட வழியில் போகாத தத்தெடுப்புக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் பிள்ளைக்கு. நாளைக்கு அது 'நான் யார்' என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

சரி, வரிசை வந்தது. குழந்தையின் விவரம் அக்காவுக்குப் போகும். போட்டோ, வளர்ச்சி பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. தங்கள் டாக்டரிடம் காட்டலாம். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம். சம்மதித்தால் காராவின் தடையில்லாச் சான்று, பிறகு ஆட்சியர் உத்தரவு, ஹேக் உடன்படிக்கைப்படி நடந்ததென்ற சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. குழந்தை விமானம் ஏறும்போது அது சட்டப்படி அவர்களுடைய பிள்ளை. நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் நிற்காது.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். வருடங்கள் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளச் சொன்னேன். 2024-25இல் காரா வழியே மொத்தம் 4,515 தத்தெடுப்புகள் நடந்தன. பல வருடங்களில் அதுவே அதிகம். அதில் 4,155 உள்நாட்டில். காத்திருக்கும் பெற்றோர் பல்லாயிரம் பேர். வெளிநாட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், இருதயத்திலோ காதிலோ கண்ணிலோ சிகிச்சை தேவைப்படுபவர்கள். இங்கே நாம் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகள் அவர்கள். அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கு நன்றியும் உண்டு, வெட்கமும் உண்டு.

அப்புறம் அந்த முதல் சந்திப்பு. இதைத்தான் அவள் முதலிலேயே கேட்டாள், இதைப்பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசைப்பட்டேன்.

வீடியோவில் எல்லோரும் சிரித்து அழுவார்கள். இல்லத்தில் பெரும்பாலும் குழந்தை மட்டும்தான் அழும். ஏழெட்டு மாதத்திலிருந்தே பிள்ளைகளுக்கு வேற்று முகம் பயம். பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்தே உதட்டைப் பிதுக்குகிற வயது. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த உலகம் ஒரு ஆயாவின் இடுப்பு. அவள் புடவையில் இருக்கும் பவுடர், எண்ணெய், வேர்வை கலந்த வாசனை. மத்தியானம் எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எந்தக் கையால் சோறு ஊட்டினால் துப்பும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவளிடமிருந்து பிடுங்கித் தரும்போது குழந்தை கத்தினால், அது அக்காவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த பிள்ளை அது. ஒட்டத் தெரிந்தால்தான் நாளைக்கு இவளிடமும் ஒட்டும். அழாமல், யார் தூக்கினாலும் போய்விடுகிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

அதனால் அக்காவிடம் சொல்லச் சொன்னேன். முன்கூட்டியே தங்கள் போட்டோக்கள் ஒட்டிய சின்ன ஆல்பம் அனுப்பலாமா என்று இல்லத்தில் கேட்கட்டும். குரலைப் பதிவு செய்து அனுப்பட்டும். அக்காவின் தமிழ் குழந்தையின் காதில் விழட்டும். அந்த விதத்தில் டப்ளின் வெள்ளைக்காரத் தம்பதியைவிட அவளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. வந்த அன்றே தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்கு ஓடவேண்டாம். தரையில் உட்கார்ந்து ஆயா ஊட்டுவதைப் பார்க்கட்டும். இரண்டாவது நாள் தான் ஊட்டட்டும், ஆயா பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை புரண்ட துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். புதுச் சட்டை, செண்டு எல்லாம் ஒரு வாரம் கழித்துப் போதும். அத்தானிடம் முதலில் போகாமல் இருந்தால் அவர் முகம் வாடக்கூடாது. ஆண்களையே அதிகம் பார்க்காத பிள்ளையாக இருக்கலாம்.

ஆயாவுக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதே என்றும் சொன்னேன். அவளோடு குழந்தை இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கவேண்டும். அந்தப் பிள்ளையின் முதல் வருடங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

ஊருக்குப் போனபிறகும் முடியாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளை எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து இந்தியாவுக்கு அறிக்கை வரவேண்டும். லட்சுமி காந்த் பாண்டே தன் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் வேறு ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "பெத்த அம்மா பின்னால தேடினு வந்தா?"

சட்டப்படி ஒப்படைத்த தாயின் பெயரை, அவள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் சொல்லமாட்டார்கள். அதே மாதிரி தத்தெடுத்தவர்களின் முகவரியும் அவளுக்குப் போகாது. ஆனால் பிள்ளைக்குத் தன் வேரைத் தேட உரிமை உண்டு. பதினெட்டு வயதானால் தானே காராவுக்கு எழுதலாம். அதற்கு முன்னால் என்றால் தத்தெடுத்தவர்களோடு சேர்ந்து எழுதவேண்டும். கோப்பு பத்திரமாக இருக்கும், இருக்கவேண்டும். மூன்றாவது மனிதர் யாரும் நடுவில் புகுந்து தேட அனுமதி இல்லை.

"அப்ப எங்க அக்கா மொதல்ல என்ன பண்ணணும்?"

ஹோம் ஸ்டடிக்கு எழுதிப் போடச் சொல். இந்தியாவோடு வேலை செய்ய அனுமதி பெற்ற ஏஜென்சி அயர்லாந்தில் எதுவென்று காராவின் தளத்திலேயே பார்க்கட்டும், வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை நம்பவேண்டாம். குழந்தை கிடைத்த நாளில், கோப்பில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் கேட்டு வாங்கட்டும். பெயரை மாற்றினாலும், இல்லத்தில் கூப்பிட்ட பெயரையும் கூடவே எழுதி வைத்துக்கொள்ளட்டும். யார், எங்கே, எந்தத் தேதியில் கண்டெடுத்தார்கள் அல்லது ஒப்படைத்தார்கள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கட்டும். அதில் தெளிவில்லை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்கட்டும்.